லேப்ரோடமி (வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை) முடிந்து வயிற்றை மூடும்போது நோட்டில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி — மாவட்ட மருத்துவமனை, அறுவைப் பிரிவு

ஆபரேஷன் நோட்டில் பெரும்பாலும் "வயிறு அடுக்கடுக்காக மூடப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து அதே தழும்பில் ஹெர்னியாவோடு (குடல் பிதுக்கம்) நோயாளி வந்து நின்றால் என்ன நூல் போட்டார்கள், எவ்வளவு நெருக்கமாகப் போட்டார்கள், எதுவுமே தெரிவதில்லை. இப்போது நடுக்கோட்டு வெட்டுக்கு லூப் நைலானில் (இரட்டை இழை நைலான் நூல்) விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி, 1 செ.மீ. இடைவெளியில் தையல் போடுகிறோம். இதை மாற்றலாமா? நோட்டில் எதைக் கட்டாயமாக்குவது? டிஸ்சார்ஜ் ஆனபின் திரும்பி வராதவர்களை எப்படிப் பின்தொடர்வது?

பதில் 1 — பொது அறுவை

மாற்றுங்கள். 1 செ.மீ. எடுக்கும்போது அப்போநியூரோசிஸோடு (வயிற்றுத் தசைகளின் வலுவான நார்ப்படலம்) கொழுப்பும் தசையும் தையலில் சிக்குகின்றன. நாலைந்து நாளில் அந்த மென்திசு நசுங்கி, தையல் தளர்ந்து, விளிம்புகள் விலகுகின்றன. ஹெர்னியாவுக்கு அங்கேயே வழி பிறந்துவிடுகிறது. சிறு தையலில் அப்போநியூரோசிஸை மட்டும், விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. இடைவெளியில் எடுக்க வேண்டும். நூல் மெதுவாகக் கரையும் மோனோஃபிலமெண்ட் (ஒற்றை இழை). பிடிஎஸ் என்ற அந்த வகை நூல், 2-0 தடிமன், 31 மி.மீ. ஊசி. லூப் நூலோடு வரும் 48 மி.மீ. ஊசியை வைத்துக்கொண்டு 5 மி.மீ. எடுக்க முயன்றால் கை தானாகவே பெரிதாக எடுத்துவிடும். ஆகவே முறையை மாற்றும் அன்றே ஊசியையும் மாற்றுங்கள்.

ஸ்வீடனின் சுண்ட்ஸ்வாலில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ஹெர்னியா 18 சதவீதத்திலிருந்து 5.6-ஆகவும், காயத்தொற்று 10.2-இலிருந்து 5.2-ஆகவும் குறைந்தன. நெதர்லாந்தில் 560 பேரிடம் செய்த ஸ்டிச் ஆய்வில் (2015) ஓராண்டில் ஹெர்னியா பெரிய தையலில் 21 சதவீதம், சிறு தையலில் 13. மூட ஆன நேரம் 10 நிமிடத்துக்குப் பதில் 14. அந்த நாலு நிமிஷத்தை யாரும் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். ஸ்டிச் ஆய்வு திட்டமிட்ட அறுவைகளில் மட்டும் நடந்தது. பெரிட்டோனைடிஸ் (வயிற்று உள்ளுறை அழற்சி) கேஸுக்கு அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுத வேண்டியவற்றில் முதலிடம் நூல்–வெட்டு விகிதத்துக்கு. உள்ளே போன நூலின் நீளம் வெட்டின் நீளத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் வயிறு உப்பினால் வெட்டு 30 சதவீதம் வரைகூட நீளும் என்று ஜென்கின்ஸ் 1976-இலேயே காட்டினார். அப்போது நூலில் தாராளம் இல்லையென்றால் அது திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடும். நூல் அறுந்து திறப்பதைவிட இப்படித் திசு கிழிந்து திறப்பதுதான் அதிகம்.

பதில் 2 — தியேட்டர் செவிலியர்

அளப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். மூடத் தொடங்கும் முன் ஸ்டெரைல் ஸ்கேலால் அப்போநியூரோசிஸின் வெட்டை அளக்க வேண்டும். தோலின் வெட்டு நீளம் வேறாக இருக்கும், அதை எழுதினால் கணக்கு தப்பு. முடிச்சுக்குப் பின் வெட்டும் நுனிகளையும் ஊசியோடு மிஞ்சும் துண்டையும் டிராலியில் ஒரு ஈரத்துணி மேல் போட்டு வைக்க வேண்டும். பக்கெட்டில் போய்விட்டால் அளவு போச்சு. உதாரணத்துக்கு, வெட்டு 20 செ.மீ., 70 செ.மீ. நூல் இரண்டு: மொத்தம் 140. மிச்சத் துண்டுகள் எல்லாம் சேர்த்து 48. உள்ளே போனது 92. 92-ஐ 20-ஆல் வகுத்தால் 4.6. சரி.

விகிதம் மட்டும் போதாது, தையல் எண்ணிக்கையும் வேண்டும். பெரிது பெரிதாக எடுத்தாலும் 4 வந்துவிடும். 20 செ.மீ. வெட்டுக்கு ஏறக்குறைய 40 தையல் இருக்க வேண்டும்; 22 என்று வந்தால் விகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சிறு தையல் இல்லை. லூப் நூலில் இரட்டை இழை இருப்பதால் இரண்டையும் கூட்டிவிட்டால் விகிதம் பொய்யாக இரட்டிக்கும்.

இன்னொன்று: மூடி முடிக்கும்வரை தசைத்தளர்வு வேண்டும் என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி பத்துத் தையலின்போது நோயாளி முக்கினால், போட்ட தையல்கள் திசுவைக் கிழிக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி சிஸ்டர். வெட்டு நீளம், நூல் அளவும் வகையும், தையல் எண்ணிக்கை, விகிதம், மூடியவர் பெயர் என்று நோட்டில் ஐந்து கட்டம் அச்சடித்துவிடுகிறோம். பின்தொடர்தல்தான் பாக்கி.

பதில் 3 — மருத்துவப் பதிவேடு, தொற்றுக் கண்காணிப்பு

காயத்தொற்றுக்கு 30 நாள் கணக்கு, மெஷ் (செயற்கை வலை) வைத்திருந்தால் 90 நாள். டிஸ்சார்ஜ் அன்றே இரண்டு போன் நம்பர் வாங்குங்கள்; ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று கூட இருந்து பார்த்துக்கொள்பவருடையது. வாங்கிய இடத்திலேயே ஒரு முறை அடித்துப் பாருங்கள். 7, 14, 30-ஆம் நாள் கூப்பிட வேண்டும்.

"புண் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். "சீழ் வந்துச்சா? வேற டாக்டர்கிட்ட போனீங்களா? தையலப் பிரிச்சாங்களா? மறுபடி ஆன்டிபயாடிக் எழுதுனாங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரும்பாலோர் தையல் பிரிக்க வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விடுவதால் தொற்று உங்கள் ஓபிக்கு வராமலே போகும். முதல் இரண்டு வாரத்தில் டிரஸ்ஸிங் திடீரென இளஞ்சிவப்பு நீரால் நனைகிறது என்று சொன்னால் அன்றே வரச் சொல்லுங்கள். உள்ளே அப்போநியூரோசிஸ் திறந்துகொண்டிருக்கலாம்.

ஹெர்னியாவுக்கு ஓராண்டுப் பரிசோதனை தனி. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் 1910-களிலேயே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, ஓராண்டு கழித்துக் கூப்பிட்டு முடிவைக் குறித்தார். உங்களுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும், அறுவை நடந்த மாதவாரியாக. நிற்கவைத்து இருமச் சொல்லுங்கள்; பிறகு படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லித் தழும்பைத் தடவிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் அல்ட்ராசவுண்ட்.

தொடர்புகொள்ள முடியாதவர்களை "தொற்று இல்லை" பட்டியலில் சேர்க்கவே கூடாது. 50 பேரில் 38 பேர் கிடைத்து 4 பேருக்குத் தொற்று என்றால் 38-க்கு 4 என்றும், கிடைக்காதவர் 12 என்றும் தனித்தனியாக எழுதுங்கள்.