முதல் சோலோ (தனியாக விமானம் ஓட்டுவது) நெருங்குகிறது, தூக்கம் வரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

மேகக்காரி19:
வணக்கம். எனக்கு விருதுநகர் பக்கம். இப்போது மகாராஷ்டிரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓட்டுகிறேன், 22 மணி நேரம் முடிந்திருக்கிறது. நேற்று இறங்கியதும் இன்ஸ்ட்ரக்டர் சார், "இன்னும் ரெண்டு மூணு நாள்ல சோலோ செக் வெச்சிடலாம்" என்றார். அப்போது பிடித்த வயிற்றுக் கலக்கம் இன்னும் விடவில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒழுங்காகத்தான் இறக்குகிறேன், ஆனால் அது என் கைப்பழக்கமா, அவர் இருக்கிறார் என்ற தைரியமா என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் ஃப்ளேரில், அதாவது தரை தொடும் முன் மூக்கை லேசாகத் தூக்கும்போது, யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டியரிங்) கூடுதலாக இழுத்து, விமானம் மறுபடி மேலே எழும்பி, சார்தான் கன்ட்ரோலை வாங்கினார். தனியாக இருக்கும்போது அப்படி ஆனால் என்ன செய்வேன்? என் பேட்சில் இரண்டு பேர் 17, 18 மணி நேரத்திலேயே சோலோ போய்விட்டார்கள். அப்பா நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார், அதனால் வீட்டில் பயம் என்று வாய் திறக்க முடியவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன், படபடப்புக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள் என்கிறாள்.

பழைய இன்ஸ்ட்ரக்டர்:
முதலில் மாத்திரை விஷயம். வேண்டாம் அம்மா. படபடப்பைக் குறைக்கிற மாத்திரை, தூக்க மாத்திரை, ஏன், சளிக்குப் போடுகிற சில மாத்திரைகள்கூட மந்தமாக்கிவிடும். எதுவானாலும் உங்கள் மெடிக்கல் பார்த்த டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறக் கூடாது.

அடுத்து, உங்கள் கையா அவர் தைரியமா என்ற கேள்வி. அதை மனதுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள், நேராக அவரிடமே கேளுங்கள்: "சார், கடைசி பத்து லேண்டிங்கில் எத்தனையில் நீங்கள் கை வைத்தீர்கள்?" நான் பல பேரைச் சோலோ அனுப்பியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

தனியாகப் போகும்போது மாறுவது விமானத்தின் எடை. ஆயிரம் கிலோ சொச்சத்தில் உங்கள் சார் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவும் இறங்கிவிடுகிறது. ஓடுபாதையை விட்டுச் சீக்கிரம் எழும்பும், வேகமாக ஏறும், சர்க்யூட் (எழும்பி ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் ஒரு சுற்று) உயரமான 1000 அடி வழக்கமான இடத்துக்கு முன்பே வந்துவிடும். ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதி) அதே பவர் வைத்தால் கொஞ்சம் உயரமாகவே நிற்கும், ஃப்ளேரிலும் சற்று மிதக்கும். இது தெரியாமல் போகிறவர்தான் "என்னவோ ஆகிவிட்டது" என்று பதறுவார்.

அந்த எழும்பல் திரும்ப வந்தால் மூக்கைக் கீழே குத்தாதீர்கள், அப்படிச் செய்தால் முன்சக்கரம் முதலில் அடித்துத் துள்ள ஆரம்பிக்கும். லேசான எழும்பல் என்றால் அந்த நிலையைப் பிடித்து, துளி பவர் கொடுத்து மெதுவாக உட்கார விடலாம். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாலே கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவது), யோசிக்க வேண்டாம். முழு த்ராட்டில், ஃப்ளாப்ஸ் (இறக்கையின் பின்பக்க மடல்கள்) 30 டிகிரியிலிருந்து உடனே 20, மேலே ஏறுவது உறுதியான பிறகு மிச்சத்தைப் படிப்படியாக. ஒன்றை மறக்காதீர்கள்: இறங்குவதற்காக ட்ரிம் (யோக்கில் கைப்பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) வைத்திருப்பீர்கள், அதனால் முழு பவர் கொடுத்ததும் மூக்கு பலமாக மேலே தூக்கும், யோக்கை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். சோலோ செக்குக்கு முன் சாரிடம் கேட்டு இதை மட்டும் நான்கைந்து தடவை செய்துவிடுங்கள். உங்கள் பயத்துக்கு அதுதான் மருந்து.

ஒன்டாரியோ தம்பி:
அக்கா, நான் கனடாவில் போன கோடையில் சோலோ முடித்தேன். எனக்கு உதவியது நாற்காலிப் பயிற்சி. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு முழு சர்க்யூட்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையால் செய்வேன். டவுன்விண்ட் செக், பவர் குறைப்பு, முதல் ஃப்ளாப்ஸ், பேஸ், ஃபைனல், 65 நாட் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அம்மா முதலில் பயந்துபோனார், அப்புறம் பழகிவிட்டார். விமானத்திலும் அப்படியே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். வாய்க்கும் கைக்கும் வேலை இருந்தால் மனம் அலைவது குறைகிறது.

இன்னொன்று. என் இன்ஸ்ட்ரக்டர் முதல் தடவை "இன்று போகிறாயா?" என்று கேட்டபோது, முந்தின இரவு சரியாகத் தூங்காததால் "இன்று வேண்டாம்" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, இறங்கும் முன் தன் இருக்கை பெல்ட்டைக் கன்ட்ரோலில் மாட்டாதபடி பூட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். சுமார் ஏழு நிமிடம், ஒரே சர்க்யூட். டாக்சி செய்யும்போதுதான் (தரையில் ஓட்டிப் போகும்போது) கால் நடுங்கியது, த்ராட்டில் கொடுத்த பிறகு நடுங்க நேரமில்லை. முடிந்ததும் இங்கத்திய வழக்கப்படி தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள்.

ரேடியோதான் உங்கள் பயம் என்றால், டவரிடம் "ஸ்டூடண்ட் சோலோ" என்று சொல்லுங்கள், நிதானமாகப் பேசுவார்கள். கை வேலையாக இருக்கும்போது கூப்பிட்டால் "ஸ்டாண்ட்பை" போதும். விமானம்தான் முதலில், பேச்சு அப்புறம்.

ரன்வே27:
17 மணி, 22 மணி கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நீங்களே பொறுப்பு பைலட்டாக ஓட்ட வேண்டும். இந்த ஐந்து மணி வித்தியாசம் அதில் எங்கே தெரியப் போகிறது? 1936-இல், நம் நாட்டின் ஆரம்பகாலப் பெண் பைலட்டுகளில் ஒருவரான சரளா தக்ரால் 21 வயதில் ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தார். அவரைப் பற்றிப் பேசுகிற யாரும் எத்தனை மணி நேரம் கழித்துப் போனார் என்று கேட்பதில்லை.

அப்பாவிடமும் பேசுங்கள். நிலத்தை அடகு வைத்தவருக்கு மகள் பயப்படுகிறாள் என்பது அதிர்ச்சியாக இருக்காது, மறைப்பதுதான் வருத்தமாக இருக்கும்.

மேகக்காரி19:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை சாரிடம் கேட்டேவிட்டேன். கடைசி எட்டு லேண்டிங்கில் அவர் தொடவே இல்லையாம். எனக்கு நிஜமாகவே தெரியாது. கோ-அரவுண்ட் ஐந்து முறை செய்தோம், முதல் தடவை மூக்கு அப்படித் தூக்கியது பயமாக இருந்தது, நான்காவதில் கை தானாக முன்னால் போனது. பத்து மணிக்கு மேல் குறுக்குக் காற்று 12 நாட் ஆகிவிட்டதால் செக் நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது, காலை 6.30. அப்பாவிடம் பேசினேன். "காத்து சரியில்லன்னா ஏறாத" என்று மட்டும் சொன்னார். இப்போது விடுதி நாற்காலியில் உட்கார்ந்து ஆறாவது சர்க்யூட்.