ஆண்ட்ரோமெடாவின் கோள்நெபுலாக்கள் எல்லாம் கோள்நெபுலாக்கள்தானா?

வான்மணி:
கோள்நெபுலா என்பது சாகும் விண்மீன் வெளித்தள்ளிய ஒளிரும் வாயுக்கூடு. இருமுறை அயனியான (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த) ஆக்சிஜன் 5007 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விடும் பச்சை நிறமாலை வரியில், கோள்நெபுலாக்களின் உச்சப் பிரகாசம் எந்தக் கேலக்ஸியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த உச்சம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரம் என்று 1989-இல் வானியலாளர் ஜேக்கபி இதைத் தூரத்துக்கு அளவுகோலாக்கினார். எனக்கு அந்தக் கோள்நெபுலாப் பட்டியல்கள்மீதே சந்தேகம். 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமெடா கேலக்ஸியில் எல்லாம் வெறும் புள்ளி. உள்ளே ஒரு சிவப்பு ராட்சத விண்மீனும், அதன் வாயுவை உறிஞ்சும் வெண்குள்ளனும் (எரிந்துமுடிந்த விண்மீனின் சுருங்கிய கரு) இருந்தால்? அந்த சிம்பயாட்டிக் ஜோடியும் இதே வரியைத்தான் உமிழும்.

செங்கோடன்:
உமிழும், ஆனால் பலவீனமாக. ஜோடியை ஒட்டிய வாயு மிக அடர்த்தி. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7 லட்சம் எலக்ட்ரான்களைத் தாண்டினால், அயனி ஒளிவிடும் முன்பே மோதலில் ஆற்றலை இழந்துவிடும், 5007 மங்கும். அதே அயனியின் 4363 ஆங்ஸ்ட்ராம் வரி அதைவிடப் பலமடங்கு அடர்த்தியிலும் தாக்குப்பிடிக்கும். இரண்டின் விகிதமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் அண்ணா. அளவுகோலுக்கு ஆபத்தில்லை.

வான்மணி:
உள்ளே அடர்த்தி, சரி. வெளியே? நம் கேலக்ஸியின் தென் நண்டு நெபுலாவைப் பாருங்கள். நடுவில் துடிக்கும் மீரா வகை ராட்சதன், பக்கத்தில் வெண்குள்ளன். சுற்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மணற்கடிகாரங்கள். அந்த வெளிவாயு மெலிந்தது. அதை ஆண்ட்ரோமெடாவில் வைத்தால் எல்லா ஒளியும் ஒரே புள்ளியில் கலந்துவிடும், உங்கள் விகிதமும் குழம்பும்.

அப்புறம் நீள்வட்டக் கேலக்ஸிகள். அங்கே இருப்பவை பெரும்பாலும் கிழட்டு விண்மீன்கள். உச்சப் பிரகாசத்துக்குக் கோள்நெபுலாவின் நடுவே வேண்டிய கனமான விண்மீன் கரு எங்கிருந்து வரும்? சிம்பயாட்டிக் ஜோடிகள் காரணமாகலாம் என்று நோம் சோக்கர் 2006-இலேயே எழுதினார்.

செங்கோடன்:
அது ஒரு கருதுகோள். இரண்டு சிறு விண்மீன்கள் இணைந்து கனத்திருக்கலாம் என்று சியார்டுல்லோ குழு 2005-இல் சொன்னதும் கருதுகோள்தான். எதுவானாலும் உச்சம் அசையவில்லையே. அந்த எல்லை நிலையாக இருப்பதைத்தானே நாம் பயன்படுத்துகிறோம்?

மொட்டைமாடி வானம்:
6825 ஆங்ஸ்ட்ராம் பட்டையை இருவருமே விட்டுவிட்டீர்கள். வெண்குள்ளனருகே ஐந்துமுறை அயனியான ஆக்சிஜன் விடும் 1032 ஆங்ஸ்ட்ராம் புறஊதா ஒளி, ராட்சதனைச் சூழ்ந்த நடுநிலை ஹைட்ரஜனில் ராமன் சிதறல் (சிதறும்போதே அலைநீளம் மாறுவது) அடைந்து அகன்ற சிவப்புப் பட்டையாக வெளிவருகிறது. 1989-இல் ஷ்மிட் இதை விளக்கினார். எல்லா ஜோடிகளிலும் தெரியாது. தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை. 2014-இல் வெளியான முதல் விரிவான தேடலில் ஆண்ட்ரோமெடாவில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட சிம்பயாட்டிக் விண்மீன்கள் கிடைத்தன.

வான்மணி:
என் கோரிக்கையும் அதுதான். அளவுகோலில் சேர்க்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் பச்சை வரியோடு நிறுத்தாமல் சிவப்புப் பக்க நிறமாலையும் எடுங்கள்.

செங்கோடன்:
அருகிலுள்ள கேலக்ஸிகளுக்கு முழுச் சம்மதம். 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கன்னிக் கேலக்ஸிக் கொத்தில் அவ்வளவு மெல்லிய பட்டையைப் பிரித்தெடுக்க எந்தத் தொலைநோக்கியில் நேரம் கேட்பீர்கள்?