நிக்கான் செட்டை வித்துட்டு சோனிக்குப் போறதா, இசட்டுக்கே போறதா?

சிப்புட்காரன்:

அண்ணன்மாரே, கொஞ்சம் வழி சொல்லுங்க.

நம்ம ஊரு பேராக்ல சுங்கை சிப்புட். கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா, இதான் வேலை. கையில இருக்கிறது நிக்கான் டி750, 24-70 எஃப்2.8ஜி, 70-200 எஃப்2.8 விஆர் டூ, அப்புறம் பழைய 85 எஃப்1.8டி. கோடாக்ஸ் ஃப்ளாஷ் வேற. பாடியில ஷட்டர் அடிச்சது 187,000 தடவை தாண்டிடுச்சு. நிக்கான் இதுக்குச் சொன்ன கணக்கு 150,000. இன்னும் ஒரு நாளும் மக்கர் பண்ணல, ஆனா ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் காடியில ஏத்துறேன்.

மாத்தணும்னு நினைக்கிறதுக்குக் காரணம் சத்தம் இல்ல. "மிரர்லெஸ்ல, அதான் உள்ள கண்ணாடி இல்லாத புதுக் கேமராவுல, சத்தமே வராதுப்பா"ன்னு எல்லாரும் சொல்றாங்க. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துல என் ஷட்டர் சத்தம் எவன் காதுல விழப் போகுது? என் பிரச்சினை ஃபோகஸ். டி750-ல 51 பாயின்ட்டும் நடுவுலயே கூடிக் கிடக்கு. லிந்தாங் பக்கத்துத் தோட்டத்துல ராத்திரி தீமிதி. ஜெனரேட்டர் லைட்டு ஒரு பக்கம்தான். கரகம் தூக்கிட்டு வர்றவர் முகம் ஃப்ரேம் ஓரத்துல இருக்கும். நடுவுல ஃபோகஸ் பிடிச்சு, நகர்த்தி, அமுக்குறதுக்குள்ள அவர் குழியைத் தாண்டிப் போயிடுவார். படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா கரகத்து வேப்பிலை ஊசி மாதிரி இருக்கு, கண்ணு மட்டும் குழப்பம்.

ரெண்டாவது, எடை. 70-200 மட்டும் ஒன்றரை கிலோ. காலையில நலங்குல ஆரம்பிச்சு ராத்திரி விருந்து முடியிறவரைக்கும் தோள்ல தொங்குது. வீட்டுல தினமும் கோடாலி தைலம் தேய்ச்சு விடுறாங்க, அவங்களுக்கே சலிச்சுப் போச்சு.

என் கூட்டாளிங்க எல்லாம் சோனி. பெரிய கல்யாணம்னா சேர்ந்து எடுப்போம், அவங்க லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்க, நான் மட்டும் தனி. ஈப்போவுல ஒரு கடையில எல்லாத்தையும் கொண்டுபோய் மேசை மேல வெச்சேன். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, மொத்தமா 3,200 வெள்ளி (ரிங்கிட்)ன்னார். தனித்தனியா வித்தா 5,000 கிட்ட வரும்னு எனக்குத் தோணுது. கடைக்குக் குடுத்துட்டு சோனிக்குப் போறதா? இல்ல நிக்கானோட மிரர்லெஸ் வரிசை இசட்டா? எப்போ விக்கிறது நல்லது?

கிள்ளான் மச்சான்:

சோனிதான் மச்சான், யோசிக்காதீங்க லா.

கூட்டாளிங்ககிட்ட லென்ஸ் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கல்யாணத்துல நடுவுல ஒண்ணு போச்சுன்னா பக்கத்துல இருக்கிறவன்கிட்ட வாங்கி மாட்டிக்கலாம், அது பெரிய விஷயம். நான் ஏ7 த்ரீல டாம்ரான் 35-150 போட்டு ஓட்டுறேன். எஃப்2-வுல ஆரம்பிச்சு 2.8 வரைக்கும், ஒரே லென்ஸ்ல முழுக் கல்யாணமும் முடிஞ்சிடும். 2021-ல சோனிக்கு வந்துச்சு, நிக்கானுக்கு 2023-லதான் வந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல சோனி லென்ஸ் கிள்ளான், பூச்சோங் பக்கமெல்லாம் கொட்டிக் கிடக்கு.

விக்கிற விஷயத்துல நான் கடைக்குத்தான் குடுப்பேன். தனியா வித்தா "ஃபைனல் பிரைஸ் எவ்ளோ பாஸ்", "பாதி வெள்ளி இப்ப, மீதி சம்பளம் வந்ததும்"னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெசேஜ் வரும். உங்க நேரத்துக்கும் விலை இருக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். சைலன்ட் ஷட்டர் வேணாம்னு சொன்னது சரிதான். மண்டபத்துல எல்இடி லைட்டுன்னா எலெக்ட்ரானிக் ஷட்டர்ல படம் முழுக்கக் கோடு கோடா விழும். என் ஏ7 த்ரீல மேடை வேலைன்னா மெக்கானிக்கல் ஷட்டரைத் தவிர வேற தொடுறதே இல்ல.

தைப்பிங் பெரியவர்:

தம்பி, நிதானமாகச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூட விழா, கோயில் கும்பாபிஷேகம் என்று படம் எடுத்து ஓய்ந்தவன். கிள்ளான் தம்பி சொன்னதில் பாதிக்கு நான் கை தூக்குகிறேன். கூட்டாளிகளோடு லென்ஸ் பகிர்ந்துகொள்வது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் உங்கள் கணக்கு வேறு.

சோனிக்குப் போனால் உங்கள் நிக்கான் லென்ஸ் எதுவும் கூட வராது. அடாப்டர் கிடைக்கும்தான், தீமிதிக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஆக, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விற்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டும். நடுவில் ஒரு முகூர்த்தம் வந்தால்? இசட்டில் அந்தச் சங்கடம் இல்லை. பழைய நிக்கான் லென்ஸை இசட் பாடியில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் உங்கள் 24-70-உம் 70-200-உம் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும், ஏனென்றால் இரண்டிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் 85டி மட்டும் செய்யாது. அதைத் திருகி ஃபோகஸ் செய்யும் மோட்டார் டி750 பாடிக்குள் இருக்கிறது, அடாப்டரில் கிடையாது. இசட்டில் அது கையால் திருகும் லென்ஸ்தான். அதனால் முதலில் விற்க வேண்டியது அந்த 85.

அதற்கு விளம்பரம் எழுதும்போது ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: டி3500, டி5600 போன்ற சின்ன பாடிகளில் இது ஆட்டோ ஃபோகஸ் ஆகாது, டி7000 வரிசையிலும் ஃபுல் ஃப்ரேமிலும் ஆகும். இதை எழுதாமல் விற்றால் வாங்கியவர் மறுநாளே லென்ஸ் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொண்டு வருவார். பிழை யார் மேலும் இருக்காது, சண்டை மட்டும் உங்கள் வாசலில் நடக்கும்.

எடை பற்றி. அடாப்டர் போட்டால் 70-200 இன்னும் கனக்கும், குறையாது. முதல் சில மாதம் அப்படி ஓட்டுங்கள். பிறகு அதை விற்று இசட் 70-180 எஃப்2.8 வாங்குங்கள், 795 கிராம். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் கிடையாது, பாடியில் இருக்கிற ஸ்டெபிலைசரை நம்பி ஓட வேண்டும். மணமக்களுக்குப் பரவாயில்லை, தீமிதியில் எப்படியும் ஷட்டர் வேகமாகத்தான் வைப்பீர்கள்.

பாடி எது? பழைய இசட்6 டூ மலிவாகக் கிடைக்கிறது, உங்கள் பழைய பேட்டரியும் அதில் வேலை செய்யும். ஆனால் அதில் ஒரு கார்டு எஸ்டி, இன்னொன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ். கல்யாணத்தை இரண்டு கார்டிலும் பதிய வேண்டும் என்றால் அந்த விலை உயர்ந்த கார்டையும் வாங்க வேண்டும். 2025-இல் வந்த இசட்5 டூவில் இரண்டுமே எஸ்டி. அதில் இருப்பது இசட்8, இசட்9-இல் இருக்கும் அதே எக்ஸ்பீட் 7 சிப், இருட்டில் முகம் பிடிப்பதில் இசட்6 டூவைவிட ஒரு தலைமுறை முன்னே. உங்கள் குறையே ஃபோகஸ்தான் என்றால், பணத்தை அங்கே போடுங்கள்.

இனி விற்பது. 3,200 என்று கடைக்காரர் சொன்னதில் அநியாயம் இல்லை. அவரும் லாபம் பார்க்க வேண்டும், வாரன்டி தர வேண்டும். 2020-க்குப் பிறகு நிக்கான் டி750 போலக் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் எதுவும் புதிதாக விடவில்லை, சரக்கு நாளுக்கு நாள் இறங்குகிறது என்று அவருக்கும் தெரியும். ஆனால் லென்ஸ் இரண்டையும் நீங்களே விற்கலாம், பாடியை மட்டும் கடைக்கு விடுங்கள். 187,000 ஷட்டர் பாடியைத் தனியாருக்கு விற்று, மறுமாதம் அது நின்றால் அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

விலை கேட்டு வருபவர்கள் பார்ப்பது இரண்டு. ஒன்று, டி750 முதலில் வந்தபோது படத்தின் மேல்பக்கம் வெளிச்சத்தில் ஒரு நிழல் வெட்டு விழுந்தது. நிக்கான் அதைத் திருத்திக் கொடுத்தது. முக்காலி மாட்டும் துளைக்குள் எட்டிப் பாருங்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் அது திருத்தப்பட்டது. அந்தப் புள்ளியைப் படம் எடுத்தே விளம்பரத்தில் போடுங்கள், பாதிக் கேள்வி குறையும். இன்னொன்று பூஞ்சை. நம் ஊர் மழையில் இது இல்லாத லென்ஸைத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் ஜூம் இரண்டும் போன்ற ஜி லென்ஸைக் கழற்றினால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, மூடிக்கொள்ளும். மவுண்ட் பக்கம் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. தூசி இருந்தால் கவலை இல்லை, அது எல்லா லென்ஸிலும் உண்டு. எதுவாக இருந்தாலும் வாங்குபவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே படம் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

எப்போது என்றால், ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதம், கை சும்மா இருக்கும்.

லுனாஸ் தம்பி:

பெரியவர் எல்லாம் சொல்லிட்டார், பணம் வாங்குற விஷயம் மட்டும் நான் சொல்றேன். நேர்ல குடுக்கிறதா இருந்தா பேங்க் வாசல், இல்ல மாமாக் கடை, வீட்டுக்கு யாரையும் கூப்பிடாதீங்க. டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டேன்னு ஃபோன்ல ரசீது காட்டினா அதைப் பார்க்கவே பார்க்காதீங்க, படம் யார் வேணா செய்வாங்க. உங்க பேங்க் ஆப்பைத் திறந்து பணம் ஏறிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் பையைக் கைமாத்தணும். என் சித்தப்பா மகன் ஒரு லென்ஸை அப்படித்தான் இழந்தான், அவன் சாமானை வாங்கினவன் ரொம்ப மரியாதையா "அண்ணே அண்ணே"ன்னு பேசினானாம்.

நீங்க வாங்கும்போதும் பாருங்க. முன்பணம் கேட்டா, அவன் குடுத்த அக்கவுண்ட் நம்பரை போலீஸோட செமாக் மியூல்ல போட்டுப் பாருங்க, புகார் இருந்தா காட்டும். பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே மோசடிப் புகார் நம்பர் 997-க்கு அடிங்க.

சிப்புட்காரன்:

ஐயா, நன்றி. 85 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, இசட் வாங்கி அதை மாட்டிட்டு முழிச்சிருப்பேன்.

ஆடி மட்டும் ஒத்துவராது ஐயா. தைப்பிங்ல எப்படியோ, இங்க ஆடின்னா கல்யாணம் இல்லாட்டியும் தோட்டத்துக்குத் தோட்டம் அம்மன் திருவிழா. எனக்குக் கேமரா அப்போதான் அதிகமா வேணும். எனக்குத் தோதான மாசம் மார்கழி. கல்யாணமும் இல்ல, தீமிதியும் இல்ல. அதோட வாங்குறவங்களும் அப்போதான் வருவாங்க: தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயில், பத்துமலை போய் காவடி எடுக்கணும்னு ஆசைப்படுற பிள்ளைங்க டிசம்பர்ல போனஸ் வந்ததும் ஜூம் லென்ஸ் தேடுவாங்க. தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம் அதே பிள்ளைங்க அதையே விக்க வருவாங்க, அப்போ விலை கீழதான் போகும்.

கிள்ளான் மச்சான், உங்க பேச்சையும் தள்ளிட முடியல. கூட்டாளிங்ககூட ஒரே செட்டுன்னா வேலை சுலபம்தான். ஆனா வருஷத்துக்குச் சேர்ந்து எடுக்கிறது சில கல்யாணம்தான், மீதி எல்லாம் நான் ஒருத்தனாத்தான் நிக்கிறேன். ஒருநாள்கூடக் கை வெறுமையா இருக்க முடியாது. அதனால இசட்5 டூ முதல்ல, டி750 ரெண்டாவது பாடியா கொஞ்ச நாள் இருக்கட்டும். 24-70 எஃப்2.8-ஐக் கடைசியிலதான் விப்பேன். அதுக்குப் பதிலா வாங்கக்கூடிய இசட் 24-120 எஃப்4 எடை குறைவுதான், 630 கிராம், ஆனா தோட்டத்துக் கோயில் வெளிச்சத்துல ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போனா ஐஎஸ்ஓ எங்கயோ போயிடும்.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். 24-70 சுத்தம். 70-200-ல முன் கண்ணாடி ஓரத்துல ரெண்டு நூல் இருக்கு. படத்துல தெரியல, இருந்தாலும் போட்டோ எடுத்து வெச்சுட்டேன். டி750-ல கறுப்புப் புள்ளி இருக்கு. 85 இப்பவே விலைக்கு: 550 வெள்ளி, பெட்டி இல்ல, முன் பின் மூடி இருக்கு. ஈப்போ ரயில் நிலையத்துல குடுக்கலாம்.

பீடோர் பையன்:

அண்ணே, 85 இன்னும் இருக்கா? என்கிட்ட டி7100, அதுல ஓடும்தானே? சனிக்கிழமை ஈப்போ வர்றேன், பாடியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்துட்டு வாங்கிக்கலாமா?

சிப்புட்காரன்:

ஓடும் தம்பி, டி7100-ல மோட்டார் இருக்கு. தாராளமா மாட்டிப் பாருங்க, எஃப்1.8-ல வெச்சு கிட்டத்துல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு எடுத்துப் பாருங்க. காலையில பத்து மணிக்கு வாங்க, மத்தியானம் எனக்கு நிச்சயதார்த்தம் இருக்கு. பேரம் வேணாம், பசியாற நான் வாங்கித் தர்றேன்.