கத்தியின் அடிப்பக்கம் மட்டும் பதம் ஏற மாட்டேங்குது

லாரி பட்டை ஸ்பிரிங்கில் அடிச்ச 9 அங்குலக் கத்திங்க. முதுகு 5 மி.மீ., வெட்டுவாய் 1 மி.மீ. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சதும் நுனிப்பக்கம் 6 அங்குலத்துக்கு அரம் வழுக்குது, அதாவது பதம் ஏறியிருக்கு. கைப்பிடியை ஒட்டின 3 அங்குலத்தில் மட்டும் அரம் பிடிக்குது, மெதுவாவே இருக்கு.

இடம் பொள்ளாச்சி. தொட்டிக்கரி (தேங்காய்ச் சிரட்டைக் கரி) உலை, அடியில் ஒரே ஒரு காற்றுக்குழாய், ப்ளோயர். கடலை எண்ணெய் 4 லிட்டர், 55 டிகிரிக்குச் சூடு பண்ணித்தான் தோய்க்கிறது.

ரெண்டு வாரத்தில் 3 தடவை தோய்ச்சாச்சு, ஒவ்வொரு தடவையும் முன்னாடியே சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு. மேல்தோலில் கார்பன் போயிருக்குமோன்னு 0.3 மி.மீ. ராவியும் பார்த்தாச்சு, உள்ளேயும் மெதுதான். தோய்க்கிற சூடு வந்தா இரும்பில் காந்தம் ஒட்டாதில்லைங்களா, நுனியில் காந்தம் விட்ட பிறகும் அடிப்பக்கம் ஒட்டுது. அது ஏறட்டும்னு இன்னும் வெச்சா நுனி சூடு மிஞ்சி மஞ்சளாயிடுது. அப்படித் தோய்ச்சதை 200 டிகிரியில் 2 மணி நேரம் வீதம் ரெண்டு தடவை டெம்பர் பண்ணியும் (நொறுங்காம இருக்க மறுபடி மிதமாச் சூடாக்கியும்), மூங்கிலில் போட்டதும் வாய் சில்லு சில்லாப் பேர்ந்து போச்சு. அதனால டெம்பரிங்கில் குறை இல்லை, சூடு பரவுறதில்தான்.

உலைக்குள் 3 அங்குல இரும்புக் குழாயைப் படுக்க வெச்சு (கால்வனைஸ் இல்லை, துத்தநாகப் புகை ஆகாது) அதுக்குள் கத்தியைக் காய்ச்சினா 9 அங்குலமும் ஒரே சூட்டுக்கு வருமுங்களா?