மறு: அரிசோனா நீர்ச் சட்டச் சொற்கள் – 'ஈட்டிய இறைப்புரிமை' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநில நீர்ச் சட்டத்தில் 'லாங் டேர்ம் ஸ்டோரேஜ் கிரெடிட்' என்று ஒன்று உண்டு: நிலத்தடி நீரைச் சேமித்ததற்கு ஈடாக, பின்னால் இறைத்துக்கொள்ளக் கணக்கில் ஏறும் அளவு. அதற்குத் தமிழில் நீர்வைப்பு, நீர்வரவு, நீர்க்கடன் என்று மூன்று சொற்கள் நம் குழுவில் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றுமே வங்கிக் கணக்கை ஒட்டியவை. ஆங்கிலத்திலேயே அப்படித்தான் இருப்பதால் அது இயல்புதான். ஆனால் அரிசோனாவின் டூசான் நகரத்தில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பார்த்தால் வைப்பும் வரவும் பொருந்தவில்லை. என் பரிந்துரை 'ஈட்டிய இறைப்புரிமை'. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூசான் சொனோரா பாலைவனத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மி.மீ. மழை. 1990கள் தொடங்கும்வரை அந்த நகரம் முழுக்க முழுக்கக் கிணற்று நீரை நம்பியே வளர்ந்தது. நகர மையத்தில் சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் 60 மீட்டருக்கு மேல் இறங்கியது. வடக்கே ஈலாய் பகுதியில் பருத்தி வயல்களுக்கு இறைத்ததில் நிலமே பல மீட்டர் தாழ்ந்து, தரையில் நீண்ட வெடிப்புகள் விழுந்தன. இந்த நிலையில்தான் 1980இல் அரிசோனா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. டூசான் வட்டாரம் 2025க்குள் ஊறும் அளவுக்கு மேல் இறைக்காத நிலைக்கு வர வேண்டும் என்பது அது வைத்த இலக்கு.

மாற்று நீர் கொலராடோ ஆற்றிலிருந்து வந்தது. ஹவாசு ஏரியில் தொடங்கி 540 கிலோமீட்டர் ஓடும் மத்திய அரிசோனா கால்வாய், தண்ணீரை 850 மீட்டருக்கு மேல் ஏற்றிக் கொண்டுவருகிறது. 1992 நவம்பரில் அந்த நீரைச் சுத்திகரித்து நேரடியாக வீடுகளுக்கு விட்டார்கள். வேறு வேதித்தன்மை கொண்ட நீர் பழைய இரும்புக் குழாய்களில் படிந்திருந்த துருவைக் கிளப்பிவிட்டது. குழாயில் செம்பழுப்பு நீர் வந்தது, மக்கள் கொதித்துப்போனார்கள். 1994இல் அந்த வழங்கலை நிறுத்தினார்கள். 1995இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி நேரடி வழங்கலுக்கே கட்டுப்பாடு போட்டார்கள்.

அப்புறம் கண்ட வழிதான் நம் சொல்லுக்கு அடிப்படை. நகருக்கு மேற்கே அவ்ரா பள்ளத்தாக்கில், 1970களிலேயே நீருக்காக நகரம் வாங்கிப்போட்ட விளைநிலங்கள் இருந்தன. அங்கே பெரிய குளங்கள் வெட்டி ஆற்று நீரைத் தேக்கி, மண்ணுக்குள் இறங்க விட்டார்கள். கீழே இருக்கும் நீருடன் கலந்தபின் கிணறுகளில் இறைத்து 2001 முதல் நகருக்கு அனுப்புகிறார்கள். விட்ட நீரை அதே ஆண்டில் இறைத்துக்கொண்டால் கணக்கு அதோடு முடிந்தது. இறைக்காமல் விட்டால் அது 'கிரெடிட்' ஆகிறது, பிற்பாடு எந்த ஆண்டிலும் எடுக்கலாம். ஆற்று நீர் என்றால் பொதுவாக 5 விழுக்காட்டை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும்; 100 ஏக்கர்-அடி விட்டால் 95தான் கணக்கில் ஏறும். ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர்.

இனி நண்பர்களின் கருத்துகளுக்கு வருகிறேன்.

> 'நீர்வைப்பு' எளிமையாக இருக்கிறதே. போட்டதை எடுக்கிறார்கள், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை ஐயா. போட்ட இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதே மேலாண்மை வட்டாரத்துக்குள், விதிகளுக்கு உட்பட்டு, தொலைவில் உள்ள வேறொரு கிணற்றிலும் இறைக்கலாம். அப்படி இறைத்த நீரும் சட்டப்படி கொலராடோ நீராகவே கருதப்படும். இன்னொன்றையும் பாருங்கள். கிணற்று நீரில் பாசனம் செய்யும் ஒரு விவசாயி, கிணற்றை நிறுத்திவிட்டு நகரம் கொடுக்கும் கால்வாய் நீரை வயலுக்குப் பாய்ச்சுகிறார். அவர் இறைக்காமல் விட்ட அளவுக்கு நகரத்துக்குக் கிரெடிட் கிடைக்கிறது. இங்கே யாரும் ஒரு சொட்டு நீரைக்கூட நிலத்துக்குள் இறக்கவில்லை. வைக்காததை வைப்பு என்று எழுதினால் படிப்பவருக்குத் தவறான படம்தான் கிடைக்கும். கையில் இருப்பது பின்னால் இறைக்கும் உரிமை மட்டுமே. அந்த உரிமையைப் பயன்படுத்தும் நாளில் அந்தக் கிணற்றடியில் நீர் இருக்குமா என்பது தனிக் கேள்வி. மக்கள் இதைப் புரிந்துகொள்வது முக்கியம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

> 'நீர்வரவு' கணக்குச் சொல். பற்று வரவு என்று பழகிய சொல்தானே?

பழகியதுதான் சிக்கல். 'நீர்வரவு' என்றதும் நம் வாசகர் அணைக்கு வரும் நீர்வரத்து என்றே படிப்பார். 'நீர்க்கடன்' என்றால் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே புரண்டுவிடுகிறது.

> இறைப்பு என்றால் ஏற்றமும் கமலையும் நினைவுக்கு வருகின்றன. ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒட்டுமா?

ஒட்டும். மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறோம் என்று இன்றும் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். கருவி மாறியும் வினைச்சொல் மாறவில்லை. ஊறும் அளவுக்கு மேல் இறைப்பதைக் குறிக்கும் ஓவர்டிராஃப்ட் என்பதற்கு 'மிகை இறைப்பு' என்று எழுதவும் வசதி. நீரை நிலத்துக்குள் இறக்கிச் சேர்ப்பதற்குச் செறிவூட்டல் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

> அரிசோனாவில் பழைய கிணற்று உரிமைகளும் உண்டே. அவையும் இறைப்புரிமைதானே?

சரியான கேள்வி. 1980க்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பாசனம் நடந்த நிலங்களுக்குச் சட்டம் பழைய உரிமையைக் காத்துக் கொடுத்தது. அதை 'வழிவந்த இறைப்புரிமை' என்போம். செறிவூட்டியோ, இறைக்காமல் விடச் செய்தோ பெறுவது 'ஈட்டிய இறைப்புரிமை'. அடைமொழியை விடாமல் எழுதினால் குழப்பம் வராது. உரிமை என்பதால் 'உரிமை மாற்றம்' என்ற சட்டச் சொல்லும் அப்படியே பொருந்தும். இந்தக் கிரெடிட்டுகளை விற்கவும் வாங்கவும் முடியும்.

பக்கத்து மாநிலமான நெவாடா மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. 1996இல் அமைந்த அரிசோனா நீர் வங்கி ஆணையம் நெவாடாவுக்காகவும் நீரைச் செறிவூட்டி வைத்திருக்கிறது. நெவாடா அதைப் பயன்படுத்தும்போது கொலராடோ ஆற்றில் உள்ள மீட் ஏரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஈடாக அரிசோனா தன் ஆற்றுப் பங்கில் அதே அளவை விட்டுக்கொடுத்து, தன் மண்ணில் இறைத்துக்கொள்ளும். பலன் ஒருவருக்கு, இறைப்பது இன்னொருவர். அப்போதும் கைமாறுவது இறைக்கும் உரிமையின் பலன்தான் என்பதால் சொல் தாங்கும் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

இந்தச் சொல்லைச் சீக்கிரம் முடிவு செய்வது நல்லது. 2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றுக்கு முதல்முறையாக நீர்ப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி கலிபோர்னியாவுக்குப் பிந்திய வரிசையில் இருப்பதால் அரிசோனாவின் கால்வாய்க்கே முதல் பெரிய வெட்டு. 2022க்கு 5,12,000 ஏக்கர்-அடி குறைந்தது. 2023 ஜூனில் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில், நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புதிய குடியிருப்புகளுக்கு நூறாண்டுக்கு நீர் இருக்கும் என்ற உறுதிச் சான்று வாங்க முடியாது என்று மாநில அரசு சொல்லிவிட்டது. இனி இந்த உரிமைகளின் மதிப்பு கூடும், தமிழ்ச் செய்திகளிலும் இந்தச் சொல் தேவைப்படும்.

பதிவுக்கான வரைவு:

ஈட்டிய இறைப்புரிமை – நிலத்தடியில் நீரைச் செறிவூட்டியதற்கோ, பிறரை இறைக்காமல் விடச் செய்ததற்கோ ஈடாக, பின்வரும் ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் குறிப்பிட்ட அளவு நீரை இறைத்துக்கொள்ளச் சட்டம் தரும், கைமாற்றத்தக்க உரிமை.

நிலத்துக்கு விட்டுவிடும் அந்த 5 விழுக்காட்டுக்கு 'நிலத்தடிப் பங்கு' என்று வைக்கலாமா? நீரியல் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.