பதற்ற அட்டை: பயிற்சியில் சரி, தேர்வறையில் கோட்டை விடுகிறார்கள். யோசனை வேண்டும்

வணக்கம். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

4, 5-ஆம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு 1 முதல் 5 வரை பதற்ற அளவுகோல் (1 அமைதி, 5 உச்சப் பதற்றம்) வைத்திருக்கிறோம். லேமினேட் செய்த அட்டை, மேசை ஓரத்தில் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். முகப் படங்களை எடுத்துவிட்டோம். பயந்த முகத்தைக் காட்டினால் "அவன் அழுறான்" என்கிறார்களே தவிர, தன் உடம்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இப்போது உடல் படம்தான்: 2 என்றால் உள்ளங்கை வியர்ப்பது, 3 வயிறு பிசைவது, 4 நெஞ்சு படபடப்பது. இது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே அட்டையை நகலெடுத்துக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

அட்டையைக் காட்டி உதவி கேட்க நடிப்புப் பயிற்சி ஐந்து நிமிடம், பிள்ளை அமைதியாக இருக்கும்போது மட்டும். முதலில் ஆசிரியர் நடித்துக் காட்டுவார்: "மிஸ், எனக்கு 3. தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" பிறகு பிள்ளையின் முறை. 5-ல் இருக்கும்போது அட்டையை நீட்டினால், அடுத்த முறை அட்டையைப் பார்த்தாலே மிரளும்.

இரண்டு சிக்கல்கள். நடிப்பில் 3-ஐச் சரியாகக் காட்டும் பிள்ளை, தேர்வறையில் 1-லிருந்து நேராக 5-க்குப் போகிறது. கண்காணிப்பாளர் ஒருமுறை "உட்காரு" என்று அதட்டினால் போதும், அட்டை பக்கமே கை போகாது. கண்காணிப்பாளர்களுக்கு என்ன எழுதிக் கொடுக்கிறீர்கள்?

அடுத்தது, நாமாகக் கேட்டால் எப்போதும் 1-தான். அட்டையில் 1-க்குப் பச்சை நிறம்; பச்சை என்றால் 'நல்ல பிள்ளை' என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல. நிறமே இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?