எண்ணெய்க்காகத்தான் போர் நடக்குதா? பட்டிமன்றத்துக்கு உதாரணம் வேணும்

தொண்டி நூர்:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். எங்க ஊர்ப் பட்டிமன்றத் தலைப்பு "போர்களுக்கு மூல காரணம் எண்ணெயே". நான் அந்த அணியில. எண்ணெயைக் கொள்ளையடிக்கத்தான் அமெரிக்கா ஈராக்குக்குப் போச்சுன்னு மட்டும் சொன்னா எதிரணி மடக்கிரும். கேட்க வர்றவங்கள்ல பாதிப் பேர் குவைத், சவூதியில வேலை பார்த்தவங்க. வருஷம், கணக்கோட சொல்ற மாதிரி எந்த உதாரணம் நிக்கும், எது நிக்காது?

கீழக்கரை காக்கா:
குவைத்தை வச்சு ஆரம்பிங்க தம்பி. ஈரானோட எட்டு வருஷம் சண்டை போட்ட ஈராக் 1990-ல கடன்ல மூழ்கிக் கிடந்துச்சு. கடன் கொடுத்தவங்கள்ல குவைத்தும் உண்டு. அதே குவைத், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளோட கூட்டமைப்பான ஒபெக் ஒதுக்கின அளவைத் தாண்டி எண்ணெய் எடுத்துச்சு, விலை சரிஞ்சுச்சு. பீப்பாய்க்கு 1 டாலர் குறைஞ்சா வருஷத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம்னு பாக்தாத் சொன்னுச்சு. எல்லையில இருக்கிற ருமைலா எண்ணெய் வயல்ல குவைத்காரங்க சாய்வாத் துளை போட்டு ஈராக் எண்ணெயை உறிஞ்சுறாங்கன்னும் குற்றம் சாட்டுச்சு. ஆகஸ்ட் 2-ல படை நுழைஞ்சிருச்சு.

இதோட மறுபாதியை எதிரணி எடுக்கும், தயாரா இருங்க. ஆகஸ்ட் 6-ல ஐ.நா. 661-ம் தீர்மானம் வந்து ஏற்றுமதியைத் தடுத்துச்சு. துருக்கி, சவூதி வழியாப் போற குழாய்கள் மூடப்பட்டுச்சு. கிணறு கையில இருந்தும் விற்க வழி இல்லை. ஈராக் படை பின்வாங்கும்போது 600-க்கு மேற்பட்ட கிணறுகளைக் கொளுத்திட்டுப் போனாங்க. கடைசிக் கிணத்தை மூட 1991 நவம்பர் ஆயிருச்சு.

மண்டபம் முகிலன்:
நான் எதிரணி பக்கம்தான் நிப்பேன். 2003-ல அமெரிக்கா ஈராக்குக்குள்ள போனதை "கம்பெனிக் கொள்ளை"ன்னு பேசினா, ஈராக் தன் எண்ணெய் வயல்களுக்கு நடத்தின 2009 ஏலத்தை நீட்டுவாங்க. ருமைலா பிரிட்டனோட பி.பி.-க்கும் சீனாவோட சி.என்.பி.சி.-க்கும் போச்சு, எடுத்துக் கொடுக்கிறதுக்குப் பீப்பாய்க்கு 2 டாலர் கூலி மட்டும்தான். எண்ணெய் ஈராக் அரசுக்கே சொந்தம். அமெரிக்காவோட எக்ஸான்மொபிலுக்கு மேற்கு குர்னா முதல் பகுதி கிடைச்சது உண்மை. ஆனா இரண்டாம் பகுதியை ரஷ்யாவோட லுக்காயில் கூட்டணி 1.15 டாலருக்கே எடுத்துருச்சு.

எண்ணெய் வயலைப் பிடிக்கிறது வேற, ஓட்டுறது வேற. கிணத்துல இருந்து வாயுவும் உப்புத் தண்ணியும் கலந்துதான் வரும். பிரிக்கிற நிலையம், உப்பு நீக்கி, பம்பு, மின்சாரம், தொட்டி, கப்பல்ல ஏத்துற முனையம், இதுல ஒண்ணு நின்னாலும் எல்லாம் நிக்கும். அழுத்தம் குறைஞ்ச பழைய வயலா இருந்தா தண்ணியை உள்ள செலுத்திக்கிட்டே இருக்கணும். 2003-க்கு அப்புறம் வட ஈராக்கோட கிர்குக்ல இருந்து துருக்கி போற குழாயை எத்தனை தடவை வெடி வச்சுத் தகர்த்தாங்க! 1942-ல ஜெர்மன் படை சோவியத்தோட எண்ணெய் நகரமான மைக்கோப்பைப் பிடிச்சப்பவும் கதை இதுதான். சோவியத்காரங்க கிணறுகளை நாசம் பண்ணிட்டுத்தான் வெளியேறினாங்க.

பாம்பன் கரை:
முகிலன் சொல்றது சரி. அதனாலதான் நூர், "எடுத்துட்டுப் போக"ன்னு வாதாடாதீங்க. "அடுத்தவன் கைக்குப் போகாம, ஓட்டம் நிக்காம இருக்க"ன்னு வாதாடுங்க. 1980 ஜனவரியில அமெரிக்க அதிபர் கார்ட்டர், வெளிச்சக்தி எதுவும் வளைகுடாவைக் கைப்பற்றப் பார்த்தா ராணுவ பலத்தாலயும் தடுப்போம்னு வெளிப்படையாவே அறிவிச்சாரு. ஈரான்-ஈராக் போர் நடந்துக்கிட்டிருந்த 1987-ல குவைத் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி கட்டிக் கடற்படை காவல் போச்சு. அந்த வளைகுடாவோட வாசலான ஹோர்முஸ் நீரிணை மிகக் குறுகின இடத்துல சுமார் 33 கிலோமீட்டர்தான், 2024-ல உலகம் எரிச்ச எண்ணெய்ல ஏறத்தாழ ஐந்துல ஒரு பங்கு அந்த வாய்க்கால்லதான் போச்சு.

ஜப்பானையும் சேருங்க. அது வாங்கின எண்ணெய்ல சுமார் 80 சதவீதம் அமெரிக்காவுல இருந்து வந்துச்சு. 1941-ல அதை நிறுத்தினதும் ஜப்பான் பார்வை டச்சு ஆதிக்கத்துல இருந்த இந்தோனேசியா மேல விழுந்துச்சு. 1942 பிப்ரவரியில அங்க எண்ணெய் சுத்திகரிப்பு நகரமான பாலெம்பாங்கைப் பிடிச்சாங்க. ஆனா எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடிச்சதுல, போகப் போக எண்ணெய் ஊர் போய்ச் சேரலை.

தொண்டி நூர்:
ரொம்ப நன்றி. நம்ம மன்னார் வளைகுடாவை எதிரணி இழுத்தா?

மண்டபம் முகிலன்:
கண்டிப்பா இழுப்போம்! 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள்ல, எண்ணெய் வயலோ வாயு வயலோ எல்லைக்கோட்டைத் தாண்டிக் கிடந்தா எப்படி எடுக்கிறது, வருமானத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு ரெண்டு நாடும் பேசி முடிவு பண்ணணும்னு விதியே இருக்கு. 2011-ல இலங்கைப் பக்கம் மன்னார் படுகையில கெய்ர்ன் கம்பெனி வாயு கண்டுபிடிச்சப்ப யாரும் படை திரட்டலை. இங்க சண்டை மீனுக்குத்தான்.

கீழக்கரை காக்கா:
அதுக்குப் பதில் இருக்கு தம்பி. அந்த வாயு இன்னும் வணிகத்துக்கு வரலை, யாருக்கும் வருமானம் இல்லைன்னு சொல்லுங்க. சவூதி-குவைத் எல்லையில ரெண்டு நாட்டுக்கும் பொதுவான மண்டலத்துல எண்ணெயைப் பாதிப் பாதியாப் பங்கு போட்டுக்கிறாங்களேன்னு அவங்க திருப்புவாங்க. அப்ப கடன்ல கழுத்து நெரிஞ்ச நாடு எதுன்னு கேட்டு 1990-க்கே கூட்டிட்டு வந்துருங்க.